நான் மினுக்கிய டைனமோ

பழப்புளி போட்டுத் தேய்த்தால் செம்பு பளபளக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அம்மா. அதை ஒழுங்காகச் செய்த எனக்கு ஒரு சொல் பாராட்டுக்கூடக் கிடைக்கவில்லை. அந்த ஆத்திரம் வெகுகாலம் இருந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜெர்மனியின் ஹம் நகரில், பழங்காலக் கார்களைத் திருத்தும் ஒரு பட்டறையில் அப்பா எண்ணெய்ப் பிசுக்குச் சாமான்களைத் தொட்டியில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். ஊரில் மோட்டாருக்குக் கம்பிக் கொயில் சுற்றியவர்; இங்கே அதற்குச் சான்றுக் கடதாசி இல்லை. அந்தக் காலத்து டைனமோவில் சுழலும் செப்பு உருளையை இரண்டு கரிக்கட்டைகள் உரசிக்கொண்டு நிற்கும். முதலாளி வாங்கிப் போடும் கரி மிகக் கடினம், அது செப்பைத் தின்கிறது என்று அப்பா சொன்னார். நிரூபித்துக் காட்டு, சோதனை மேசை வேலையைத் தருகிறேன் என்றாராம் முதலாளி. அதற்கு நாள் குறித்து ஒரு திங்கட்கிழமை டெர்மினும் கொடுத்தார்.

கழித்துப்போட்ட வாஷிங் மெஷினின் மோட்டாரைப் பூட்டி, மென்மையான கரி போட்ட ஒரு டைனமோவை அப்பா வீட்டுக்கு அடியில் இருந்த எங்கள் கெல்லரில் ஒரு மாதம் ஓட்டினார். வேலையால் வந்து சட்டையும் மாற்றாமல் கீழே இறங்கி, கரி எவ்வளவு தேய்ந்தது என்று அளந்து கொப்பியில் எழுதுவார். எங்களோடு இருக்க அவருக்கு நேரமே இல்லை.

சரஸ்வதி பூசை அந்தத் திங்களுக்கு முதல்நாள், ஞாயிற்றுக்கிழமை வந்தது. படத்துக்கு முன்னால் வைப்பதற்காக டைனமோவின் உருளையைக் கழற்றி வந்த அப்பா, விளக்கும் செம்பும் பரப்பியிருந்த பேப்பரில் அதை வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். மினுக்கும் வேலை என்னுடையது. இருந்ததிலேயே அழுக்கு அதுதான். செப்பு முழுவதும் மண்ணிறம். என் அப்பாவின் சாமான் சாமிக்கு முன்னால் இந்தக் கோலத்திலா இருப்பது? கை எரிய எரியத் தேய்த்தேன். புதுச் சதக் காசு மாதிரி வந்தது.

அப்பா வந்து பார்த்தார். தோளில் துவாயோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அம்மாதான் கையை ஓங்கினார்.

"பிள்ளைக்கு அடியாதையும். நான்தான் அதில வச்சனான்," என்றார் அப்பா.

திங்கள் பின்னேரம் அவர் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"ஆர் இதை மினுக்கினது எண்டு முதலாளி கேட்டவர். நான்தான் எண்டு சொல்லிட்டன்."

எனக்குப் பொறுக்கவில்லை. கை எரியத் தேய்த்தது நான், பெயர் அவருக்கா? மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. கடைசியில் அவரே பக்கத்தில் வந்து இருந்தார்.

"ஓம், நீதான் மினுக்கினனீ. அப்பா பொய் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்."

பெரிய மனது பண்ணி மன்னித்தேன்.

கரியும் செப்பும் ஒத்துப்போனால்தான் அந்த மண்ணிறம் படியும் என்றும், அதுதான் அவருடைய ஒரு மாதத்துச் சாட்சி என்றும் அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைத் தேய்த்து எடுப்பவனுக்குத் தொழில் தெரியாது என்றாராம் முதலாளி. கொப்பியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என்ன மனிதர்! ஒரு மாதத்து அளவுகள் அதில் இருந்தன. நினைத்தால் இப்போதும் எனக்குக் கொதிக்கிறது.

நான் மன்னித்த அந்த நாளில், அப்பா கழுவும் தொட்டியிலிருந்துதான் வந்திருந்தார்.