பாப்பாயி அக்காவின் தொண்டை

தேவராஜ மொஹல்லா மார்க்கெட்டில் பாப்பாயி அக்கா வாழையிலை விற்கிறார். சொந்த ஊர் எல்லையோரத்தில் ஹனூர்ப் பக்கம். இலை வேண்டாமென்று நகர்ந்தவரை பஸ் ஏறும்வரை விடாமல் திட்டுகிற தொண்டை. பக்கத்துக் கடையில் குங்குமமும் ஊதுபத்தியும் விற்கிற எனக்கு இன்னும் காது கேட்கிறதென்றால் அது சாமுண்டி புண்ணியம்.

காவிரிப் பேச்சு எழுந்தாலே இந்தக் கன்னட ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடுவார்கள். அதற்காக இரண்டு மொழிக்காரர்களும் சேர்ந்து ஒரு அமைதிக் குழு வைத்திருக்கிறோம். கையில் தடி கிடையாது. சண்டை மூளுகிற இடத்தில் நடுவில் போய் நிற்போம், பேசுவோம், மாட்டிக்கொண்டவரைப் பத்திரமாக வீடு சேர்ப்போம். பயிற்சி கொடுத்த சின்மயி மேடம் சொன்ன முதல் விதி, குரலை உயர்த்தக் கூடாது. பாப்பாயி அக்கா எழுந்து, "அதெப்படிங்க மேடம் முடியும்?" என்றார். வாசலில் தூங்கிய நாய் எழுந்து ஓடியது. மேடம் அவரைக் குழுவில் சேர்க்கவில்லை. அந்தக் கோபத்தில் அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நிம்மதியான வாரம்.

காவிரிக்காக அறிவித்த பந்த்துக்கு முந்தின நாள் அக்காவுக்கு இலை ஏற்றிக்கொண்டு பாலாறு செக்போஸ்ட் வழியாக ஒரு டெம்போ வந்தது. தமிழ்நாட்டு நம்பர். டிரைவர் சித்தையனுக்குக் கன்னடம் சுத்தமாகத் தெரியாது. மார்க்கெட் வாசலிலேயே ஒரு கும்பல் வண்டியை மறித்து, அவனைக் கீழே இழுத்துவிட்டது. முன்னால் நின்றவர் ஆட்டோ ஸ்டாண்டு மல்லப்பன், கையில் இரும்புக் கம்பி.

"இவத்து யாக்கோ பந்தே?" இன்றைக்கு ஏன் வந்தாய் என்று அவர் போட்ட சத்தத்தில் சித்தையன் இரண்டடி பின்னால் போனான்.

"எதுக்குங்கண்ணா கத்தறீங்க?"

கன்னடத்தில் கத்தே என்றால் கழுதை. மல்லப்பன் காதில் விழுந்தது அது மட்டும்தான்.

"நானு கத்தேனா?" நான் கழுதையா என்று கேட்கிறார்.

நம் புண்ணியவான், நான் கத்துகிறேனா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டினான். "ஆமாங்கண்ணா. ரொம்ப."

ஐயோ! மல்லப்பன் கம்பியை ஓங்கிவிட்டார். நான் பாய்ந்து நடுவில் நின்றேன். மேடம் சொன்னபடி சாந்தமாகப் பேசினேன். எவ்வளவு சாந்தம் என்றால், நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. என்னைத் தள்ளிவிட்டார்கள். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் சித்தையன் மண்டை பிளந்திருக்கும்.

அப்போது பாப்பாயி அக்கா டெம்போ மேல் ஏறினார். யாரைத் திட்டுகிறார் என்றே தெரியவில்லை. தாமதமாக வந்ததற்குச் சித்தையனைத் தமிழில், வியாபாரத்தைக் கெடுத்ததற்கு மல்லப்பனைக் கன்னடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றதாக என்னை இரண்டிலும். மூச்சு விடவில்லை. மல்லப்பன் கம்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு காதைப் பொத்தினார். "நில்லிசம்மா!" நிறுத்தம்மா என்று கெஞ்சினார். சித்தையனும் காதைப் பொத்தியிருந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த இடைவெளியில் நான் மல்லப்பன் காதருகில் போய் அவன் சொன்னது கழுதையை இல்லை, சத்தம் போடுவதை என்று விளக்கினேன். அவர் காதிலிருந்து கையை எடுத்தார். "சரியாகே ஹேளித்தானே" என்றார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறான், நான் கத்தினேன்தானே! கும்பல் சிரித்துவிட்டது. சிரித்த பிறகு எவன் அடிப்பான்? சித்தையனை எங்கள் குழு ஊர் எல்லை வரை கொண்டுபோய் விட்டுவந்தது.

திரும்பி வந்தபோது அக்கா இலைக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தண்ணீர் டம்ளர் தொடாமல் இருந்தது. நான் டம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்தேன்.

"என்னக்கா, பயமே இல்லாம அப்படிக் கத்தினீங்க?"

"பயந்தாத்தான் சீனு எனக்குச் சத்தமே வருது" என்றார், கம்மிப்போன குரலில்.

இத்தனை வருஷமாக, தினமும், பக்கத்துக் கடையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.