விருத்தாம்பாளும் உள்ளங்கைக் கலோரியும்

என் அக்கா விருத்தாம்பாளைத் தெரியாத கல்யாண வீடு சிதம்பரத்தில் கிடையாது. தம்பி என்பதால் பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அவள் வைக்கிற கத்தரிக்காய் கொத்சுக்காக முகூர்த்தத் தேதியை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். ஆவணி பிறந்தால் திருவந்திபுரத்தில் மண்டபத்துக்கு மண்டபம் அடுப்பு எரியும், அதில் ஒன்றாவது அக்காவுடையதாக இருக்கும். பத்தொன்பது வயதில் சிங்காரம் மாமாவைக் கட்டிக்கொண்டு போனாள். அவருடைய காய்கறிக் கடையில் மீந்த காயை வீணாக்க மனமில்லாமல் பொரியல் செய்து விற்க ஆரம்பித்தவள், இன்று எண்ணூறு பேர் பந்திக்குத் தலைமைச் சமையல்காரி. அவள் சத்தம் போட்டால் ஆறு ஆம்பிளைகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்பார்கள்.

நான் உத்திராபதி. கடலூர் முதுநகரில் பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். நாற்பது வயதில் என் இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களில் ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட முழுசாகக் குடிக்கக் கூடாது என்ற எரிச்சலை வீட்டிலிருப்பவர்கள் மேல் காட்டிக்கொண்டிருந்தேன். யாராவது கிட்னி கொடுக்க முடியுமா என்று டாக்டர் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்.

"எங்கிட்டதான் ரெண்டு இருக்குதே, ஒன்ன எடுத்துக்குங்க சார்."

ரத்தம் பொருந்தியது. மற்ற சோதனைகளும் சரியாக வந்தன. எடை மட்டும் வழிவிடவில்லை. ஐந்தடி ஓரங்குல உயரத்துக்கு அக்கா எண்பத்து நான்கு கிலோ இருந்தாள். எழுபத்திரண்டுக்கு இறங்கினால்தான் ஆபரேஷன் என்றார் டாக்டர். அதோடு விடவில்லை.

"எறக்கிட்டு மறுபடி ஏத்திக்கிறதுன்னா வேணாம்மா. அப்புறம் ஒரே கிட்னியோட ஆயுசு பூரா ஓட்டணும். சுகர், பிரஷர் வந்தா அதுவும் கெட்டுடும். எறங்கின எடை எறங்கினபடியே நிக்கணும்."

அக்கா காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. அன்றிலிருந்து கஞ்சி, மோர், மறுபடி கஞ்சி. ஆறு வாரத்தில் ஆறு கிலோ குறைந்தது. நானும் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன். ஒரு கல்யாணத்தில் சாம்பார் அண்டா பக்கத்தில் அவளுக்குத் தலை சுற்றியது. மாமா மட்டும் பிடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கப் பிடிக்கவில்லை. பிறகு பசி அவளைப் பிடித்துக்கொண்டது. இரண்டு மாதத்தில் போன ஆறோடு ஒன்று சேர்ந்து ஏழு கிலோவாகத் திரும்பி வந்தது.

சொந்தக்காரர்கள் வந்து ஆறுதல் சொன்னார்கள். அவள் உடம்பு வாகே அப்படித்தானாம், குறையாதாம். வந்த கோபத்தில் அவர்களுக்குக் காபிகூடக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கும் நம்பிக்கை போய்விட்டது.

"வுட்டுடு அக்கா. நான் இறந்தவங்க கிட்னிக்குப் பதிவு பண்ணிட்டுக் காத்திருக்கேன், கெடைக்கிறப்ப கெடைக்கட்டும்" என்றேன்.

"வாய மூடுடா. எண்ணூறு பேருக்கு அரிசி அளக்குறவ நான். என் ஒரு வயித்துக்கு அளக்கத் தெரியாமயா பூடும்?"

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்கிற இலக்கியாவிடம் போய் உட்கார்ந்தாள். சின்னப் பெண். நிதானமாகப் பேசுவாள். உயரம், எடை, வயது, நாளெல்லாம் நின்று வேலை செய்வது எல்லாவற்றையும் கேட்டுக் கணக்குப் போட்டாள். அக்காவின் உடம்பு இருக்கிறபடியே இருக்க ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டாயிரத்து நூறு கலோரி வேண்டும். அதில் ஐந்நூறைக் கழித்து ஆயிரத்து அறுநூறு சாப்பிட வேண்டும்.

"அதுக்குக் கீழ போவாதீங்கம்மா. மாசம் ஒன்றரை கிலோ எறங்கினா போதும். எவ்ளோ கம்மியா சாப்பிட்டுத் தாங்குவீங்கன்னு நான் பாக்கல. அஞ்சு வருஷம் கழிச்சும் இதே மாதிரி சாப்பிட முடியுமா, அதத்தான் பாக்குறேன்."

அக்கா சொன்ன சொல் தவறவில்லை. காலையில் மூன்று இட்லி, மதியம் அளந்த சோறு, நிறையக் காய், ஒரு முட்டை, ராத்திரி இரண்டு சப்பாத்தி. மாதக் கடைசியில் எடை போட்டால் முள் நகரவே இல்லை.

இலக்கியா யோசித்துவிட்டுக் கேட்டாள். "சமைக்கும்போது ருசி பாப்பீங்களாம்மா?"

"பாக்காம எப்புடி? உப்பு ஜாஸ்தியாப் பூட்டா என் பேருதானே கெடும்? ஆனா அது சாப்பாட்டுல சேராதே மேடம்."

"எவ்ளோ பாப்பீங்க?"

"கொஞ்சூண்டு. உள்ளங்கையில ஊத்தி நக்குறதுதான்."

"கொஞ்சூண்டுன்னா?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. நாள் முழுக்கப் பட்டினி கிடக்கிறேன், என்னைப் போய்த் திருட்டுத்தனமாகத் தின்கிறேன் என்கிறாளா இந்தப் பெண் என்று பஸ்ஸில் வரும்போது பொருமிக்கொண்டே வந்தாள். ஆனால் அக்காவின் கோபம் சும்மா இருக்காது, எதையாவது செய்து காட்டிவிடும். அடுத்த முகூர்த்தத்துக்கு மூடி போட்ட ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கூடவே எடுத்துக்கொண்டு போனாள். வாய்க்கு எவ்வளவு போகிறதோ அதே அளவு டப்பாவிலும் போட்டாள். கொத்சு ஒரு கரண்டி என்றால் டப்பாவுக்கும் ஒரு கரண்டி. பாயசம் பதம் பார்த்தது, கேசரிக்கு நெய் போதுமா என்று பார்த்தது, வடை வெந்ததா என்று பிட்டுப் போட்டுக்கொண்டது, முந்திரி வறுக்கும்போது கை போனது என்று ஒன்றையும் விடவில்லை. அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டி வாயடைக்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

பந்தி முடிந்து திறந்து பார்த்தபோது டப்பா நிறைந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். அக்கா அதை அப்படியே கொண்டுபோய் இலக்கியாவின் மேசை மேல் வைத்தாள். "நீ சொன்னதுதான் சரி பாப்பா. நிறுத்துப் பாரு" என்றாள். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடை போட்டார்கள். ஏறக்குறைய எழுநூறு கலோரி வந்தது. இது போதாதென்று முகூர்த்தம் இல்லாத நாளிலும் ஒரு ஹாஸ்டலில் அவளுக்குச் சமையல் வேலை இருந்தது, அங்கேயும் இதே உள்ளங்கைதான். உடம்பு இருந்தபடியே இருந்ததில் என்ன ஆச்சரியம்?

ருசி பார்ப்பதை விட முடியாது, அது அவள் தொழில். ஆகவே அதையும் சாப்பாட்டில் சேர்த்தார்கள். கரண்டி போய் டீஸ்பூன் வந்தது. இனிப்பைப் பதம் வந்த பிறகு ஒரே ஒரு முறைதான் பார்ப்பாள். டப்பா கூடவே இருந்தது. எழுநூறு இருநூற்றைம்பதாகக் குறைந்தது. ஆயிரத்து அறுநூறில் மிச்சத்துக்குத் தட்டில் வயிறாரச் சாப்பிட்டாள். பொங்கலுக்குப் பொங்கல் தின்றாள், அன்று ராத்திரி சப்பாத்தியில் ஒன்றைக் குறைத்தாள், அவ்வளவுதான். எழுபத்தாறில் எடை நின்றபோது இலக்கியா திரும்பக் கணக்குப் போட்டாள். இளைத்த உடம்புக்குத் தேவையும் குறைவு என்று கொஞ்சம் கழித்தாள். இந்தத் தடவை தலை சுற்றவில்லை, அண்டா பக்கத்தில் யாரும் அவளைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

எழுபத்தொன்றரை கிலோவோடு அக்கா ஆபரேஷன் அறைக்குள் போனாள். கண் விழித்த மறுநாள் நான் ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்துவிட்டு அழுதேன். பக்கத்து அறையிலிருந்து அக்கா, "அவன் கஞ்சில உப்பு போட்டாங்களான்னு கேளு" என்று மாமாவை அனுப்பினாள்.

இது போன வருஷம். இந்த ஆவணியில் திருவந்திபுரத்துக்கு அவளைப் பார்க்கப் போனேன். அவள் எடை எழுபத்தொன்றைத் தாண்டவில்லை. என் எடைதான் எட்டு கிலோ ஏறியிருந்தது. புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத் தருகிற மாத்திரையின் பசி அப்படி. சர்க்கரையும் மெல்ல எட்டிப் பார்ப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவிடம் சொல்லாமல் மறைத்திருந்தேன். அடுப்படி வாசலில் என்னை மேலும் கீழும் ஒரே பார்வைதான் பார்த்தாள்.

"இன்னாடா இது? உள்ள இருக்குறது யாரு பொருளு?"

"உன்னுதுதான் அக்கா."

"பதிமூணு கிலோ எறங்கிக் குடுத்தேன். தின்னு கெடுத்தியோ, திருப்பி வாங்கிக்கினு பூடுவேன்."

சமையல்காரர்கள் ஆறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. கொத்சு அண்டாவில் டீஸ்பூனை விட்டு எடுத்து, "ருசி பாக்குற என் அளவு இன்னிக்கு முடிஞ்சிடுச்சி. உப்பு நீ பாரு" என்று என் உள்ளங்கையில் ஊற்றினாள். கிருமி தொற்றாமல் இருக்கப் போட்டிருந்த முகக்கவசத்தை இறக்கிவிட்டு நக்கினேன். உப்பு சரியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் என்று கையை நீட்டினேன்.

கையில் ஒரு அடி வைத்துவிட்டு, அந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தாள். "வாய்க்கு ஒன்னு போனா இதுலயும் ஒன்னு போடு."

போட்டேன்.