அசையாத தண்ணீர்

"செருப்போட உள்ள வராதீங்கோ சொரிமுத்து, தண்ணி அதிர்றது" என்பாள் கனகவள்ளி, தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே. உதவியாளர் சொரிமுத்து தாராவிக்காரர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "மீனுக்குத் தாலாட்டுப் பாடத்தான் நமக்குச் சம்பளம் போலுக்கு" என்று முணுமுணுப்பார்.

செம்பூர் மீன் ஆராய்ச்சிக்கூடத்தில் கனகவள்ளியின் வேலை மீன்களை மயக்குவது. ஊசி போடவும் ரத்தம் எடுக்கவும் கெண்டை சற்று நேரம் சும்மா கிடக்க வேண்டுமே! மனிதருக்கு மூக்கில் பிடிக்கும் ஈதர் மருந்தை மீனுக்குத் தண்ணீரில் விடுவார்கள். செவுள் வழியே ஏறும். மாலையில் மாதுங்கா பஸ்ஸில், அவள் புடவையின் ஈதர் நெடிக்குப் பக்கத்து ஸீட்டுப் பெண்மணி மூக்கைப் பொத்திக்கொள்வாள். கனகவள்ளிக்கோ வழியில் சயான் தெருவிளக்குகளெல்லாம் தண்ணீருக்கடியில் எரிவதுபோலிருக்கும். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப்போய் நடந்து திரும்புவது அவளுக்குச் சகஜம்.

ஆனால் ஈதரில் மீன் தூங்குமுன் துடிதுடித்துக் கண்ணாடியில் முட்டிக்கொள்ளும். அவளுக்குப் பார்க்கச் சகிக்காது. அதனால் ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதாக வந்திருக்கும் ஹாலோதேன் மயக்க மருந்தை மன்றாடி வாங்கினாள். அதில் மீன் கனவு காண்பதுபோல் மெல்லச் சாய்கிறது. எழுந்திருப்பதுதான் இல்லை. மருந்தைக் குறைத்தும் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. "இன்னிக்கும் செத்துதுன்னா பழையபடி ஈதர்தான், கேட்டியா?" என்று சொல்லிவிட்டார் தலைவர் வானமாமலை.

அன்றும் ஓர் அலைகூட எழாமல், கண்ணாடியோரமாக மருந்தைச் சொட்டுச்சொட்டாக விட்டாள். தூங்கப்போகிற ஜீவன் பயப்படக் கூடாது என்பது அவள் கட்சி. கெண்டை கிறங்கி அடியில் போய்ப் படுத்தது. செவுள் நின்றது. குனிந்து பார்த்தாள். மீனின் வாய்க்கருகே, கரையாத மருந்து பாதரசம்போல் உருண்டு கிடந்தது. தண்ணீரைவிடக் கனமான மருந்து. கலக்காவிட்டால் நேரே அடிக்குப் போகும். மீன் படுப்பதும் அங்கேதான்.

"ஐயோ, நான்னா கொன்னிருக்கேன் அத்தனையையும்!"

மீனை அள்ளியெடுத்து நல்ல தண்ணீரில் விட்டாள். வாயைத் திறந்து பிடித்து, செவுளில் தண்ணீர் ஏறும்படி முன்னோக்கி நகர்த்திக்கொண்டே போனாள். "வந்துடுடா கண்ணா, வந்துடு." கண்ணீர் தண்ணீரில் சொட்டியது. சொரிமுத்து செருப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அழாதீங்கம்மா. வாலு ஆடுதுல்லா, பாருங்க!"

செவுள் லேசாகத் திறந்தது. மூடியது. மறுபடியும் திறந்தது. கொஞ்ச நேரத்தில் கெண்டை அவள் விரல்களை விட்டு நழுவித் தானே நீந்திப் போயிற்று.

கனகவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த மீன் இருந்த தொட்டிக்குப் போய் மருந்தை விட்டாள். பிறகு முழங்கைவரை கையை உள்ளே விட்டு, வளையல்கள் கண்ணாடியில் இடிக்க, நுரை பொங்கக் கலக்கினாள். மீன் வெருண்டு மூலைக்கு மூலை பாய்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை.