பேட்டரி கொடுக்காத நல்லதம்பி

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நல்லதம்பி அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கண்ணாடி முன்னால் நின்று மீசைக்குக் கறுப்பு பூசிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் முடிந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "உங்க டிரைவர் அண்ணன் காலையில போயிட்டாராம். டிராங்கெபார்லேருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போச்சு" என்றார். அப்படியே பஸ்ஸுக்கு ஓடினேன். எங்கள் ஊர் பாம்பூவிலிருந்து, டிராங்கெபார் இருக்கும் போர்ட் லூயிஸ் போய்ச் சேரும்வரை எதிரே உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏன் என்பது சாவு வீட்டில்தான் தெரிந்தது. அண்ணி அழுகையைக் கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார். "பாதியோட வந்துட்டீங்களே தம்பி" என்று சொல்லிவிட்டு மறுபடி அழுதார்.

தூக்குவதற்கு முன்னால் சங்கத்துச் செயலாளர் தேவராஜ் பேசினார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. எங்கள் தீவில் சுதந்திரக் கொடி ஏற இன்னும் சில வாரங்களே இருந்ததால் அவருக்கு எங்கே நின்றாலும் மேடைதான். "தன் வண்டியின் பேட்டரியைக் கழற்றித் தொழிலாளர் கூட்டத்தின் ஒலிபெருக்கிக்குக் கொடுத்தவர். அதற்காக வேலையையும் வீட்டையும் இழந்தவர்" என்றார். கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். இந்தப் பேச்சை அண்ணன் பதில் சொல்லாமல் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஆகவே பதிலை நான் எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள் எல்லாரும் தயவுசெய்து கேளுங்கள். நல்லதம்பி பேட்டரி கொடுக்கவில்லை.

எனக்குப் படிப்பு கிடையாது. கோயிலில் சாயங்கால வகுப்பில் கற்ற எழுத்துதான். எங்களுக்குள் பேசியதெல்லாம் இந்தத் தீவின் கிரியோல். அதைத் தமிழாக்கித்தான் இங்கே எழுதுகிறேன். அவர் இதைவிடக் காரமாகப் பேசுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பூ பக்கத்துக் கரும்புத் தோட்டம் ஒன்றில் அவர் டிரைவர், நான் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். வண்டி ஒரு பழைய பிக்கப். யுத்த காலத்தில் யார் யாரோ ஓட்டிக் களைத்துத் தோட்டத்துக்குத் தள்ளிவிட்டது. பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் முகப்பு முள் நாங்கள் வருவதற்கு முன்பே செத்துப்போயிருந்தது. அண்ணன் அந்த வண்டியை 'மதாம்', அதாவது துரைசானி, என்று கூப்பிடுவார். தான் குளிக்காத நாளிலும் அதைக் குளிப்பாட்டுவார். "மதாமுக்கு முதுகு தேய்ச்சாச்சா?" என்று கேட்டால் சிரிக்க மாட்டார். "நீ சிரி. நான் ஓட்டறேன்" என்பார். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேலி செய்தும் அவரை நான் சிரிக்கவைத்ததில்லை. என் கேலித் தொழிலில் எனக்கு ஏற்பட்ட ஒரே தோல்வி அது.

கோபக்காரர். சங்கம், கூட்டம், கட்சி எதுவும் அவருக்குப் பிடிக்காது. "கூட்டத்துக்குப் போறவன் சாயங்காலம் வண்டியத் துடைக்க மாட்டான்" என்பது அவருடைய அரசியல்.

ஒரு வருஷம் மதாமுக்கு வியாதி வந்தது. காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட வராது. பேட்டரி செத்துக் கிடக்கும். ஹேண்டில் போட்டுச் சுற்றி, முடியாத நாளில் ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளி, ஒருவழியாகக் கிளப்புவோம். கராஜை நடத்திய துரை, நாங்கள் மிஸ்யே என்போம், பேட்டரியைக் கழற்றி, நிறையச் சார்ஜ் ஏற்றி, மேஜைமேல் வைத்துப் பார்த்தார். காலையில் அப்படியே இருந்தது. வண்டியில் மாட்டி, ஓட்டாமல் நிறுத்திப் பார்த்தார். அதுவும் அப்படியே இருந்தது. கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு, "பேட்டரி நல்லா இருக்கு, வண்டி நல்லா இருக்கு. மிச்சம் இருக்கிறது டிரைவர்" என்றார்.

அது மோசமான காலம். கரும்பு வெட்டுகிறவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்துவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுற்றுப்பட்ட ஊர்களில் சாயங்காலமானால் கூட்டம், மரத்தில் ஒலிபெருக்கி. அது பேட்டரியில் ஓடுவது என்று குழந்தைக்கும் தெரியும். எங்கள் பேட்டரி சாவதோ போர்ட் லூயிஸ் போய் வந்த நாட்களுக்கு மறுநாள் மட்டும். 'திரும்புகிற வழியில் எங்கேயோ நிறுத்திக் கொடுக்கிறான்' என்று முதலில் யார் சொன்னார்களோ தெரியாது. "இன்னொரு தடவை செத்தா வீட்டைக் காலி பண்ணு" என்று மிஸ்யே சொன்னதை என் காதால் கேட்டேன். வீடும் தோட்டத்து வீடு. அண்ணி அப்போது மாசமாக இருந்தார்.

வேலையை அவர் விரும்பினார் என்று சொன்னால் போதாது. வேறு எதுவாகவும் அவருக்கு இருக்கத் தெரியாது.

மின்சாரம் எங்கள் இருவருக்குமே தெரியாது. ஹாரன் வயரைக் கழற்றினோம். பேட்டரி செத்தது. பின்விளக்கைப் பிடுங்கினோம். அப்போதும் செத்தது. ஒரு சின்ன பல்பை வாங்கி, பேட்டரிக் கம்பியைக் கழற்றி நடுவில் வைத்துப் பார்த்தோம்; யாராவது மின்சாரம் குடித்தால் பல்பு எரியும் என்று ஒரு டாக்சிக்காரர் சொல்லியிருந்தார். எரியவில்லை. "யாருமே குடிக்கல" என்றார் அண்ணன். "மதாம் விரதம் இருக்கா. நாமதான் சந்தேகப்படறோம்" என்றேன். அவர் ஸ்பானரை என்மேல் எறிந்தார். படவில்லை. வண்டி ஓட்டுகிற அளவுக்கு அவருக்குக் குறி பார்க்க வராது.

கண்டுபிடித்துக் கொடுத்தது கராஜ் பூனை. ஒரு நாள் மதியம் போர்ட் லூயிஸிலிருந்து திரும்பி வண்டியை நிழலில் விட்டோம். பொழுது சாயும்போது துடைக்கப் போனால், என்ஜினுக்குப் பக்கத்தில் பூனை சுருண்டு தூங்குகிறது. விரட்டுவதற்காகக் கையை உள்ளே விட்ட அண்ணன், கையை எடுக்கவே இல்லை.

"என்ஜின் ஜில்லுனு இருக்கு. இங்க வா. இதுமேல கைய வை."

டைனமோ கொதித்துக்கொண்டிருந்தது. சாவி அவர் பையில்.

அப்புறம் மெல்லப் புரிந்தது. டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் கட்-அவுட் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. வண்டி ஓடும்போது வழியைத் திறக்கும்; நின்றதும் மூடிவிட வேண்டும். எங்களுடையது நெடுந்தூரம் ஓடிச் சூடானால் உள்ளே ஒட்டிக்கொண்டு, மூடாமல் நின்றுவிடும். டைனமோவிலிருந்து பேட்டரிக்குப் போக வேண்டியது பேட்டரியிலிருந்து டைனமோவுக்குப் போய்விடும். ஸ்பானரால் அந்தப் பெட்டியைத் தட்டினார். 'டக்' என்று ஒட்டு விட்டது. கொஞ்ச நேரத்தில் சூடு தணிந்தது. பேட்டரிக் கம்பியைக் கழற்றினாலும் அதே டக். அதனால்தான் பல்பில் எதுவும் தெரியவில்லை. பார்க்கப் போனாலே ஒளிந்துகொள்கிற நோய்.

அன்றைக்கு அவர் முகத்தில் வந்ததைச் சிரிப்பு என்று சொல்லலாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

அடுத்த போர்ட் லூயிஸ் பயணம் முடிந்ததும், மிஸ்யேக்குக் காட்டுவதற்காகப் பெட்டியைத் தட்டாமல் வண்டியை அப்படியே விட்டோம். சாயங்காலம் டைனமோ சுட்டது. அண்ணன் போய் மிஸ்யேயை அழைத்து வந்தார். கூடவே ஒரு மெக்கானிக்கும் வந்தார்.

"மிஸ்யே, நான் சொல்றத நம்ப வேணாம். கைய மட்டும் வச்சுப் பாருங்க."

மிஸ்யேயின் கை இரண்டும் கால்சட்டைப் பையில் இருந்தன. வெளியே வரவில்லை. "இந்த ஊர் வெயில்ல எதுதான் சுடாது?" என்றார். வண்டி நின்றது கூரைக்குக் கீழே, வெயிலும் இறங்கிவிட்டது. பிறகு மெக்கானிக்கிடம் கம்பியைக் கழற்றி பல்பு வைக்கச் சொன்னார். டக். பல்பு எரியவில்லை. "பார்த்தியா?" என்று அண்ணனைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். டிரைவர்தான் பேட்டரி கொடுக்கிறான் என்று அவர் ஏற்கெனவே மேலே, பெரிய துரையிடம், சொல்லியாகிவிட்டது. மேலே சொன்னதை ஒரு பூனைக்காக யார் திருப்பி வாங்குவார்கள்?

அந்த வாரமே அண்ணனை நிறுத்திவிட்டார்கள். கட்டில், பாத்திரம், நிறைமாத மனைவி எல்லாவற்றையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு டிராங்கெபாரில் மச்சான் வீட்டுக்குப் போனார். நான்தான் ஏற்றிவிட்டேன். என் வேலையே அதுதானே.

இனி சொல்லப்போவதுதான் எனக்குச் செரிக்காதது. அவர் போன பிறகு மிஸ்யே புதுக் கட்-அவுட் மாட்டவைத்தார். பழைய பெட்டி தகர டப்பாவில் கிடந்ததை நான் பார்த்தேன். பேட்டரி அதற்குப் பிறகு ஒரு காலையிலும் சாகவில்லை. புது டிரைவரின் தோளைத் தட்டி மிஸ்யே சொன்னார்: "ஆள் மாறினதும் எல்லாம் சரியாச்சு பார்."

சங்கம் அண்ணனை விடவில்லை. டிராங்கெபாரில் ஒரு கூட்டத்துக்கு அழைத்து மாலை போட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "நான் குடுக்கல. கட்-அவுட் ஒட்டிக்கிச்சு. அவ்வளவுதான்" என்றார். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. கட்-அவுட் என்றால் முதலாளி என்று பொருள் கொண்டார்கள் போல. மறுநாள் வேலை கேட்டுப் போன இடத்தில், "நீங்கதானே அந்தப் பேட்டரிக்காரர்?" என்றார்கள். அடுத்த இடத்திலும் அப்படியே. சங்கத்து ஆளுக்கு வண்டிச் சாவி கொடுக்க யாரும் இல்லை. சங்கத்திடமோ கொடுக்க வண்டி இல்லை. கடைசியில் ஒரு மரக் கிடங்கில் காவல்காரர் ஆனார். சாகும்வரை அதுதான். மறுபடி அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

போன வருஷம் பார்க்கப் போனபோது வானொலியில் சுதந்திரப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "இனிமே நம்ம ஆளுங்கதான் எல்லாம். உங்களுக்கு ஒரு காரே குடுப்பாங்க" என்று சீண்டினேன்.

"காரு வேணாம். நான் குடுக்கலன்னு ஒருத்தன் நம்பினாப் போதும்" என்றார்.

"நான் நம்பறேனே."

"நீ கைய வச்சவன். நீ கணக்குல சேர மாட்ட."

சாவு வீட்டில் பேசி முடித்ததும் தேவராஜைத் தனியே கூப்பிட்டு, பூனையிலிருந்து தகர டப்பாவரை எல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"எனக்குத் தெரியாதா அண்ணே? அன்னைக்கு ஒலிபெருக்கிக்குப் போட்ட பேட்டரி என் மாமனார் டாக்சியோடது" என்றார். "டாக்சி பேட்டரின்னு சொன்னா யாரு கை தட்டுவா? கதை நல்லா இருக்கு. அவருக்கும் மரியாதைதானே. இருக்கட்டும்."

மீசையில் பாதி கறுப்போடு நிற்கிறவன் சொல்வதை எவ்வளவு தூரம்தான் ஒருவர் மதிக்க முடியும்? நான் நகர்ந்துவிட்டேன். மிஸ்யே கையைப் பையிலேயே வைத்திருந்தார். தேவராஜ் கை தட்டவைத்தார். நடுவில் ஒரு மனிதர் ஒன்றும் செய்யாமல் இரண்டு பக்கமும் தண்டனை அனுபவித்துவிட்டுப் போனார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். யார் எதைச் சொன்னாலும் கை வைத்துப் பார்க்காமல் நம்புவதில்லை. வண்டி என்றால் நிச்சயமாக. போன வாரம் பாம்பூவில் ஒரு பஸ் மூடியைத் திறந்துவைத்து நின்றது. பேட்டரி அடிக்கடி சாகிறது என்றார் டிரைவர். அவரிடம் கேட்டுக்கொண்டு டைனமோமேல் கையை வைத்தேன். அது டைனமோ இல்லை. வலது கை வெந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பத்தியை நான் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதினாள். பிழை இருந்தால் அவளுடையது.