சிவப்புச் சீட்டு மாரிசாமி

வாங்கிவந்த புடவையைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு குறை சொன்னால்தான் குருபரப்பள்ளி மாரிசாமிக்குச் சோறு இறங்கும். ஓசூர்க் கம்பெனி ஒன்றில் முப்பது வருடமாகச் சரக்கை அளந்து பார்க்கிற வேலை. அளவு பிசகினால் 'ஆகாது' என்று சிவப்புச் சீட்டுக் கட்டிக் கையெழுத்துப் போடுவார், போட்டால் போட்டதுதான். மகளுக்கு வந்த மூன்று மாப்பிள்ளைகளையும் அப்படித்தான் கழித்துக் கட்டினார். நாலாவது ஆளுக்கு, "இவர எந்த கேஜ் வெச்சு அளக்கப் போறீங்க?" என்று மனைவி சாந்தம்மா மல்லுக்கு நின்ற பிறகுதான் கல்யாணமே நடந்தது.

அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரே ஒரு தடவை வழுக்கினார். எல்லையில் சண்டை நடந்த மாதம் அது. கம்பெனி வாசலில் 'தேசமே முதல்' என்று பேனர். உள்ளே போர் விமானத்துக்குப் போக வேண்டிய நாற்பது புஷ், அதாவது உலோக வளையங்கள். துளை மயிரளவு பெருத்திருந்தது. மாரிசாமி கட்டிய சிவப்புச் சீட்டை மேனேஜர் ராஜசேகர் இரண்டாகக் கிழித்தார்.

"டீவியேஷன் போட்டு அனுப்பிரலாம்ணா. நாட்டுக்காக."

டீவியேஷன் என்பது கம்பெனிகள் கண்டுபிடித்த பரிகாரம். தப்பான சரக்கைத் தப்பு என்று தாளில் எழுதிவிட்டால் அது நல்ல சரக்காகிவிடும். ஓய்வுக்கு இன்னும் நாலே மாதம். மாரிசாமி கையெழுத்துப் போட்டார். கிழிந்த சீட்டை மட்டும் ஏனோ சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆறாவது வாரம் அந்தப் புஷ் பூட்டிய விமானங்களில் ஒன்று, சோதனைக்காகப் பறந்தபோது, கர்நாடகப் பக்கம் ஒரு ராகிக் காட்டில் விழுந்தது. விமானி பிழைக்கவில்லை. டிவியில் அந்த முகத்தைப் பார்த்ததும் மாரிசாமிக்கு வாயில் வைத்த களி இறங்கவில்லை. பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. மறுநாள் காலையில் வாசல் பேனரைக் காணோம். தேசபக்தியை மடித்து ஸ்டோர் ரூமில் வைத்திருந்தார்கள்.

விசாரணைக்கு அதிகாரிகள் வருவதற்கு முந்தின நாள் ராஜசேகர் வந்து தோளில் கை போட்டார்.

"நம்ம புஷ்தான் காரணம்னு யாருணா சொன்னாங்க? செவப்புச் சீட்டே கட்டலன்னு சொல்லிருங்க. தாள்ல கடைசிக் கையெழுத்து உங்களுதுதான, பாத்துக்குங்க."

மாட்டினால் நீதான் என்பதை இவ்வளவு அன்பாக யாரும் சொன்னதில்லை.

மறுநாள் அதிகாரி டீவியேஷன் தாளை நீட்டினார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

மாரிசாமி சாப்பாட்டுப் பையைத் திறந்தார். குழம்புக்கறை படிந்த சிவப்புத் துண்டுகள் இரண்டையும் மேசைமேல் சேர்த்து வைத்தார்.

"இதுவும் என்னுதுதாங்க. மொதல்ல போட்டது நெசம். ரெண்டாவது, நாட்டுக்காகப் போட்டது."