கிரகணத்தன்று கொடுத்த கருப்புக் கண்ணாடி

மைசூரில் போட்டோ பிடித்துப் பிழைத்த திருநாராயணனுக்கு வாய்தான் மூலதனம். அதிலும் அந்தக் கருப்புக் கண்ணாடி வந்த பிறகு கேட்கவே வேண்டாம். உள்ளங்கை அளவு சதுரக் கண்ணாடி. விளக்குக்கு நேரே பிடித்தாலும் ஒன்றும் தெரியாது. அதைக் காமிராவுக்கு முன்னால் பொருத்தி, அதற்கென்றே வந்த பிலிமைப் போட்டால், பனிமூட்டத்துக்குப் பின்னாலிருக்கும் சாமுண்டி மலைகூடப் படத்தில் பளிச்சென்று விழும். மரங்களின் இலைகளெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவருக்கு அது போதும்.

1955 ஆனியில் சூரிய கிரகணம் வந்தது. படம் எடுக்கக் குக்கரஹள்ளி ஏரிக்கரைக்குக் கிளம்பிய அவசரத்தில், மனைவி செலுவம்பாவின் கையில் அந்தக் கண்ணாடியைத் திணித்தார்.

"கிரகணத்தைப் பாக்கப்படாதுன்னு மூலையில உக்காராதே. இதைவிடக் கருப்பான கண்ணாடி ஊர்லயே இல்லை. இதை வெச்சுண்டு தைரியமாப் பாரு!"

"சரின்னா" என்றாள் அவள். அவர் பேச்சை அவள் தட்டியதே இல்லை.

கிரகணம் பாதி முடிந்திருந்தது. ஏரிக்கரையில் ஸ்டுடியோ முதலாளி லிங்கப்பன், அந்தக் கண்ணாடியில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்டார். திருநாராயணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தை அது விடாது சார். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் இருக்கே, அதை மட்டும் தாராளமா விட்டுடும். சூரியனோட சூடெல்லாம் அப்படியே உள்ள..."

வாய் அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சூடு கண்ணுக்குள் இறங்கினால் வலிகூடத் தெரியாது. பார்வை போன பிறகுதான் தெரியும். காமிராவைப் போட்டது போட்டபடி விட்டு, சைக்கிளில் பறந்தார். பாவி, பாவி என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டார்.

செலுவம்பா ஈரப்புடவையோடு சமையல் உள்ளில் உட்கார்ந்து ஜபம் செய்துகொண்டிருந்தாள்.

"பாத்தியா?" என்று வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டு உள்ளே ஓடினார்.

"பாத்தேன்னா. நன்னா இருந்தது."

அவர் கடைசி நப்பாசையில், "என்ன நிறத்துல இருந்தது?" என்று கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வெள்ளையா. வெள்ளித்தட்டுல ஒரு ஓரத்தைக் கடிச்சாப்பல."

அந்தக் கண்ணாடி வழியாகச் சூரியன் ஒன்றுதான் தெரியும், அதுவும் கருஞ்சிவப்பாகத்தான். வெள்ளையாகத் தெரிய வழியே இல்லை.

"பொய்தானே?"

அவள் தலை குனிந்தது. "கோச்சுக்காதேங்கோ. எனக்கு பயமா இருந்தது. கண்ணாடி அதோ, தயிர்ச் சட்டி மேல தர்ப்பையோட இருக்கு. எடுத்துப் பாக்கவே இல்லை."

திருநாராயணனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்படியே அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டார். நடந்ததையெல்லாம் சொல்லி, "இப்படியே எனக்குப் பொய் சொல்லிண்டு நன்னா இரு தாயே" என்று கையை நீட்டினார்.

"ஐயோ, கிரகண ஸ்நானம் பண்ணி மடியா இருக்கேன், தொடாதேங்கோ!"

"இன்னொரு தடவை குளிச்சுக்கோ" என்று சொல்லி, அவள் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்தி, அந்தக் கண்களை ஆசை தீரப் பார்த்தார்.