காய்ந்த நிலம் யாருக்கு?

முப்பது நல்ல மனிதர்கள் ஒரு நல்ல காரியத்துக்குச் சம்மதம் சொல்லி முடித்த பிறகு, தனியாக எழுந்து ‘இல்லை’ என்று சொல்லும் துணிச்சல் உங்களுக்கு உண்டா? கெட்டவர்களை எதிர்ப்பது சுலபம், கைதட்டலாவது கிடைக்கும். தம்சின் ரெட்பாத் எதிர்த்தது தன் சொந்த ஆட்களை. அதுவும் வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டப் புறப்பட்டவர்களை.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில், தென்கரையில், ஆப்பிள் தோட்டங்கள் முடிந்து கடல் தொடங்கும் எங்கள் ஊரில் தம்சின் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அப்பா காட்டு மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். அந்த லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து, மலைகள் ஒவ்வொன்றாக மொட்டையாவதைப் பார்த்து வளர்ந்தவர் மகள். தலைநகர் ஹோபார்ட்டில் படிக்கும்போது குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவோடு சேர்ந்தார். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

எங்களிடம் பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை. ஞாயிறு காலை வட்டமாக அமர்ந்து பேசாமல் இருப்போம். மனதை ஏதாவது அழுத்தினால் எழுந்து சொல்வோம். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பல வருடங்களாக அந்த வட்டத்தில் போய் உட்கார்கிறேன். அதிகாரம் செய்ய ஆளில்லாத மதம் உலகில் அவ்வளவு அரிது.

கூட்டம் நடக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு சதுப்பு. தம்சின் தன் வகுப்பை அங்கேதான் கூட்டிவருவார். முதலில் எல்லோரும் வாயை மூடி உட்கார வேண்டும். பிறகு ஒருவர் பேசலாம். அவர் சொன்னது மற்றவர்கள் மனதில் இறங்கிய பிறகுதான் அடுத்தவர். “தவளை பயந்து ஓடுது” என்று ஒரு பெண் சொன்னால், “ஓடினத பாத்தியா, பயந்தத பாத்தியா?” என்று கேட்பார். வகுப்பே யோசிக்கும்.

“இது பக்தியா, அறிவியலா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தவளைய உக்காந்து கேக்கத் தெரியாதவன் கடவுள எங்க கேக்கப் போறான்?”

“கடவுள நீ வச்சுக்க. தவளைய எனக்குக் குடு.”

“அது போதும், எடுத்துக்க” என்று சிரித்தார்.

உள்ளூர்க்காரர்களைவிடச் சுற்றுலா வருபவர்களிடம் அதிக வாடகை கறக்கலாம் என்று வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். ஆப்பிள் கொட்டகையில் வேலை செய்யும் மார்னி, வாடகை கட்ட முடியாமல் இரண்டு பிள்ளைகளோடு ஒரு வேனுக்குள் குடியேறினாள். மூத்தவன் தம்சினின் மாணவன். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. எங்களிடம் வேறு நிலம் இல்லை, பின்னாலுள்ள எங்கள் சதுப்பில் மண் கொட்டி மேடாக்கி, மூன்று சிறு வீடுகள் கட்டலாம் என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது.

நாங்கள் ஓட்டெடுப்பதில்லை. கூட்டத்தின் மனம் எங்கே நிற்கிறது என்று கவனித்து, செயலர் அங்கேயே தீர்மானம் எழுதி வாசிப்பார். எல்லோரும் ‘ஆகட்டும்’ என்றால் நிறைவேறும். ஒருவர் மறுத்தாலும் நின்றுவிடும். அன்று பேச்சு முடிந்ததும் நீண்ட மௌனம். செயலர் லயனல், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு எழுதிவிட்டார். மௌனத்தையே வழிபாடாகக் கொண்டவர்களுக்கு மட்டும் வாய்க்கும் தவறு அது. சுற்றிலும் ‘ஆகட்டும்’ என்ற முணுமுணுப்பு. தம்சின் எழுந்தார்.

“என்னால சொல்ல முடியல, லயனல்.”

“சதுப்புக்காகவா?”

“ஆமா.”

“அப்ப வேற இடம் சொல்லும்மா.”

“தெரியல. இது தப்புன்னு மட்டும் தெரியுது.”

தீர்மானம் நின்றது. தேநீர் வேளையில் வினிஃப்ரெட் ஆரம்பித்தார். எண்பது வயது, கத்தி நாக்கு.

“தவளைக்கு வக்கீல் வந்தாச்சு. ஃபீஸ் எப்படி, ஈயா கொசுவா?”

“கொசுதான். உங்க காதுல ஒண்ணு உக்காந்திருக்கு, எடுத்துக்கவா?”

கடை வாசலில் மார்னி தம்சினை வழிமறித்தாள்.

“டீச்சர், உங்க தவளைக்கு வீடு இருக்கு. என் புள்ளைக்கு இல்ல. அவனுக்கு என்ன பாடம் நடத்துறீங்க?”

அன்று மாலை தம்சின் என்னிடம் சொன்னார்: “அவ சொல்றது சரி. நான் சொன்னதும் சரி. நடுவுல எதையோ பாக்காம விடறேன்.”

மார்னி தன் வேனை இரவில் கூட்ட வீட்டின் முன்னால், நாங்கள் கார் நிறுத்தும் முற்றத்தில் நிறுத்திக்கொள்ள அனுமதித்திருந்தோம். அடுத்த ஞாயிறு காலை தம்சின் நடந்து வந்தபோது, லயனல் மிகுந்த மரியாதையோடு வேன் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சுக்க மார்னி. எல்லாரும் வர்ற நேரம். வண்டிய கொஞ்சம் எடுத்துக்கறியா?”

பிள்ளைகள் கையில் பால் கிண்ணம். வேன் நகர்ந்தது. அந்த இடத்தில் வினிஃப்ரெட்டின் கார் வந்து நின்றது.

வழிபாட்டின் நடுவில் தம்சின் எழுந்தார்.

“ஒரு குடும்பத்த வெளிய அனுப்பிட்டு, நம்ம கார உள்ள விட்டிருக்கோம். கட்டறதுக்கு சதுப்ப விட்டா வேற நெலமே இல்லன்னு சொன்னோம். கார் நிக்கிறது காஞ்ச நெலம்தானே? வாரத்துல ஒரு மணி நேரம் நமக்கு அது வேணும். அதுக்காக சதுப்பு சாகணும், மார்னி காத்திருக்கணும். நானும் அத பாக்கல. இன்னிக்குத்தான் பாத்தேன்.”

வினிஃப்ரெட் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

“ஞாயித்துக்கிழமை பஸ் எத்தன மணிக்குன்னு யாருக்காவது தெரியுமா?”

ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவரும் பஸ்ஸில் வந்ததில்லை.

கார் நிறுத்தும் முற்றத்தை வீடுகளுக்கு விட்டுக்கொடுத்தோம். வாகன நிறுத்தம் இல்லாமல் கூட்ட வீடு எப்படி என்று நகராட்சி முரண்டு பிடித்தது. மனிதனுக்கு இடமில்லாதபோது வராத அக்கறை காருக்கு இடமில்லை என்றதும் வந்துவிட்டது. விடவில்லை. மாதாமாதம் போய் நின்றோம். கடைசியில் அனுமதி வாங்கினோம். இன்று அந்தக் காய்ந்த நிலத்தில் மூன்று வீடுகள் நிற்கின்றன. முதல் வீட்டில் மார்னி. “டீச்சர், உங்க ஆளுங்க ராத்திரி பூரா கத்தறாங்க. கொஞ்சம் கண்டிச்சு வைங்க” என்று தம்சினைப் பார்க்கும்போதெல்லாம் புகார் சொல்கிறாள். நாங்கள் பஸ்ஸில் வருகிறோம், மழையில் நனைந்து. இந்த ஊரில் இருப்பதற்கு எனக்கு இவ்வளவு பெருமையாக ஒருபோதும் இருந்ததில்லை.

உங்கள் ஊரிலும் ஏரியைத் தூர்த்து ஏழைக்கு வீடு என்று ஒரு திட்டம் வரும். ஏரியையும் ஏழையையும் மோதவிட்டுவிட்டு, காய்ந்த நிலத்துக்காரர்கள் இரக்கத்தோடு வேடிக்கை பார்ப்பார்கள். அந்தக் காய்ந்த நிலம் எங்கே இருக்கிறது, எத்தனை நாள் சும்மா கிடக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பார்த்ததை அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். அந்த நிலம் உங்களுடையதாக இருந்தாலும் சொல்லுங்கள்.